எட்டாம் வகுப்பு எழுதிய பேருந்து

வெள்ளூருணிக்குப் பேருந்து வந்தது தை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு. அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, கடைசி இரண்டு பாடவேளைகளில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்துமூன்று பேரும் சற்குணம் டீச்சரும் சேர்ந்து அதைக் கரும்பலகையில் எழுதி முடித்திருந்தார்கள். எழுதியது வந்துவிட்டதே என்று எங்கள் ஊரில் யாரும் வாய் பிளக்கவில்லை. முப்பது வருடம் மனு எழுதியும் வராத பேருந்து ஒரு கட்டுரைக்கு வந்துவிட்டது என்றால், மனு எழுதியவர்களுக்கு எழுதத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம் என்றார் டீக்கடை சீனிச்சாமி. அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை என்று எல்லாரும் டம்ளரை வைத்துவிட்டு ஏறிக்கொண்டார்கள்.

சற்குணம் டீச்சர் வருவதற்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தில் கட்டுரை என்றால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நோட்ஸில் இருப்பதைப் பலகையில் எழுதிப்போடுவார்கள், பிள்ளைகள் பார்த்து எழுதிச் சிவப்பு மையில் ஒரு டிக் வாங்கிக்கொள்வார்கள். பொருட்காட்சியைக் கண்ணால் காணாத பிள்ளைகள் 'நான் கண்ட பொருட்காட்சி' என்று பத்து வருடமாக எழுதி வந்தார்கள். டீச்சர் வந்த முதல் நாள் நோட்ஸைச் சன்னல் கட்டையில் வைத்து, அதன்மேல் தன் தண்ணீர்ச் சொம்பை வைத்தார். அது அங்கேயே இருந்தது.

"நானும் எழுதப்போறேன், நீங்களும் எழுதப்போறீங்க. எல்லாருக்கும் சேர்த்து ஒரே கட்டுரை," என்றார். ஒருவர் ஒரு வரி சொல்ல வேண்டும்; இருபத்துமூன்று தலையும் ஆடினால்தான் அது பலகைக்குப் போகும். வேண்டாம் என்று தலையசைக்கிறவர் அதற்குப் பதிலாக வேறு வரி ஒன்று சொல்லியாக வேண்டும். சொல்கிற வரி எதுவானாலும், "எந்தச் சத்தத்தோடு? சன்னலில் என்ன தெரிந்தது?" என்று யாராவது கேட்டால் பதில் இருக்க வேண்டும். ஆனி, ஆடியில் சாக்பீஸ் டீச்சர் கையிலேயே இருந்தது; அவர் வேண்டுமென்றே சப்பென்று ஒரு வரி எழுதிவிட்டு, பிள்ளைகள் திட்டட்டும் என்று காத்திருப்பார். ஐப்பசியில் சாக்பீஸ் கைமாறிக் கைமாறிப் போயிற்று. தை பிறந்தபோது டீச்சர் கடைசி பெஞ்சில் மாணவியைப் போல உட்கார்ந்திருந்தார்.

அந்த வியாழக்கிழமை எழுதவேண்டிய தலைப்பு 'எதிர்காலத்தில் நான்'. ஆளுக்கொன்று சொன்னார்கள்: போலீஸ், நர்ஸ், மறுபடியும் போலீஸ். கீழக்காலனி தங்கமாரியின் முறை வந்தபோது அவள் எழுந்து நின்று, "எனக்கு அடுத்த வருசம் மில்லு டீச்சர். அம்மா சொல்லிருச்சு," என்றாள்.

எங்கள் ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு பதினொரு கிலோமீட்டர் தள்ளி மாடக்கோட்டையில் இருந்தது. ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை எங்கிருந்தோ ஒரு நூல் மில்லின் வெள்ளை வேன் வந்து, எட்டு முடித்த பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். மூன்று வருடம் அங்கேயே விடுதி, அங்கேயே சோறு, அங்கேயே வேலை. திரும்பி வருகிற பிள்ளைகள் இருமிக்கொண்டே கல்யாணத்துக்கு உட்காருவார்கள்.

டீச்சர் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து போய்த் தலைப்பைக் கையாலேயே அழித்தார். "என்ன இருந்தா நீ மில்லுக்குப் போகவேண்டாம்?"

"பஸ்ஸு," என்றாள் தங்கமாரி.

எழுதினார்கள். கண்மாய்க்கரைக்கு அப்பாலிருந்து வந்தது என்று எழுதினார்கள். சளி பிடித்த வெள்ளாடு கனைப்பதுபோல ஹாரன் அடித்தது என்று எழுதினார்கள். ஐந்தாவது சீட்டின் ரெக்சின் கிழிந்து ஸ்பாஞ்சு வெளியே வந்திருந்தது, மூன்றாவது சன்னல் கண்ணாடியை இறக்க முடியவில்லை, ஓட்டுநர் கழுத்தில் நனைத்த ஈரிழைத் துண்டு போட்டிருந்தார் என்றெல்லாம் எழுதினார்கள். காலை ஏழு நாற்பதுக்கு ஊர் மந்தையில் நின்று எல்லாரையும் ஏற்றிக்கொண்டு மாடக்கோட்டை உயர்நிலைப்பள்ளி வாசலில் இறக்கியது என்று முடித்தபோது மணி அடித்துவிட்டது.

மறுநாள் காலை, பாதையே இல்லாத கண்மாய்க்கரைப் பக்கமிருந்து வெள்ளாடு கனைத்தது. எல்லாம் எழுதியபடியே இருந்தது. கண்டக்டரை எழுத மறந்திருந்தார்கள், அதனால் டிக்கெட் இல்லை. டீசலை எழுதவில்லை, அதனால் டீசல் தேவைப்படவில்லை. ஓட்டுநரின் முகத்தை யாரும் எழுதாததால், முன்னால் போய் எட்டிப் பார்த்தவர்களுக்கும் துண்டும் பிடரியும்தான் தெரிந்தன. "நல்ல மனுசன், திரும்பி ஒரு வார்த்த பேசுறதில்ல," என்று எங்கள் ஊர்ப் பெண்கள் அவரை மெச்சினார்கள்.

பிள்ளைகள் செய்த பிழை சாயங்காலம்தான் தெரிந்தது. பேருந்து போனதை எழுதியிருந்தார்களே தவிர, திரும்பி வந்ததை எழுதவில்லை. ஒரு நாளும் ஒரு வாகனத்தில் ஊர் திரும்பியிராத பிள்ளைகளுக்கு, போகிற பேருந்து வரவும் வேண்டும் என்று தோன்றவேயில்லை. அன்று சந்தைக்குப் போனவர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள், சும்மா உட்கார்ந்து பார்க்கப் போனவர்கள் எல்லாரும் பதினொரு கிலோமீட்டர் நடந்து வந்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை வகுப்புச் சன்னலில் ஊரே நின்றது.

"டீச்சரம்மா, பஸ்ஸு நம்ம கடை வாசல்ல அஞ்சு நிமிசம் நிக்குதுன்னு ஒரு வரி போட்டு விடுங்க," என்றார் சீனிச்சாமி.

"போட்டா உம்ம வடையத் தின்னுட்டு பஸ்ஸே படுத்துரும்வே," என்றது ஒரு குரல்.

"எழுதணும்னா உள்ள வந்து பெஞ்சில உக்காருங்க. எல்லாத் தலையும் ஆடணும்," என்றார் டீச்சர். சீனிச்சாமி மணிக்கணக்காக பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கடைசியில் ஒரு வரியும் தேறாமல் எழுந்து போனார். தங்கமாரியின் அம்மா பஞ்சவர்ணம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

"நீங்களும் வாங்கம்மா."

"நான் கைநாட்டு டீச்சர். எனக்கென்ன எழுத்து தெரியும்?"

"தலையாட்டத் தெரியுமில்ல?"

பஞ்சவர்ணம் சிரித்தாள். உள்ளே வரவில்லை. "போற பஸ்ஸு எழுதிட்டீங்க, சரி. வர்ற பஸ்ஸு எங்க? பொட்டப்புள்ளய பொழுதடைஞ்ச நேரம் அம்புட்டு தூரம் நடக்க விடுவேனா? அது வரலைன்னா எம்புள்ளைக்கு வேன்தான். அவுகளுக்கு வாக்குச் சொல்லிட்டேன்."

தங்கமாரி எழுந்து வரியைச் சொன்னாள். அவள் வாரம் முழுக்க மனதுக்குள் சொல்லிச் சொல்லிச் செதுக்கிய வரி அது: "மாலை ஐந்து நாற்பதுக்கு அதே பேருந்து திரும்பி வந்து, முதலில் கீழக்காலனித் தண்ணீர்த்தொட்டி அருகே நின்று ஆட்களை இறக்கிவிட்டு, பிறகு ஊர் மந்தைக்கு வந்தது."

அதில் கற்பனை ஒன்றுமில்லை. மாடக்கோட்டையிலிருந்து வருகிற பாதையில் கீழக்காலனிதான் முதலில் வரும், அதன்பிறகு ஒரு கிலோமீட்டர் தள்ளித்தான் ஊர் மந்தை. இருபத்திரண்டு தலைகள் ஆடின. கவுன்சிலர் மகன் பூபதியின் தலை மட்டும் வேண்டாம் என்று அசைந்தது. அசைந்தது அவன் தலை, அசைத்தது அவன் வீடு என்பது சன்னலில் நின்ற எல்லாருக்கும் தெரியும்.

"சரி, வேண்டாம்னா நீ வேற வரி சொல்லணும்," என்றார் டீச்சர்.

"தெரியல டீச்சர்."

"காத்திருக்கோம்."

மறு வியாழனும் தெரியவில்லை, அதற்கு மறு வியாழனும் தெரியவில்லை. பலகையில் கட்டுரை அழியாமல் இருந்ததால் காலைப் பேருந்து மட்டும் தினமும் வந்தது; எங்கள் ஊர் காலையில் பேருந்தில் போய் மாலையில் நடந்து வருவதற்குப் பழகிக்கொண்டது. செருப்புகள் தேய்ந்தன, வழியில் இரண்டு இளநீர்க் கடைகள் முளைத்தன, நடந்துகொண்டே சம்பந்தம் பேசி ஒரு கல்யாணம்கூட முடிவாயிற்று. ஒரு வரி, ஒரே ஒரு வரி, எழுதிவிட்டால் இந்த நடை கிடையாது என்று எல்லாருக்கும் தெரிந்துதான் நடந்தார்கள். பதினொரு கிலோமீட்டர் நடப்பது எங்கள் ஊருக்குப் பெரிய காரியமில்லை. கீழக்காலனி ஆட்கள் இறங்கி முடிக்கும்வரை பேருந்தில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் பெரிய காரியம். இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் நாங்கள் அப்படித்தான் இருந்தோம்.

சித்திரை பிறந்தது. ஏப்ரலின் கடைசி வியாழனோடு எட்டாம் வகுப்பு என்று ஒன்று இருக்காது. பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டால் யார் தலையை யார் ஆட்டுவது? அந்த வியாழன் பூபதி கையில் ஒரு வரியோடு வந்தான். அவன் அப்பா சொல்லிக்கொடுத்து, மனப்பாடம் செய்யவைத்து அனுப்பிய வரி. எழுந்து நின்று ஒரே மூச்சில் சொன்னான்: "மாலையில் பேருந்து கீழக்காலனியில் நிற்காமல் நேராக ஊர் மந்தைக்கு வந்தது."

வகுப்பு திரும்பி டீச்சரைப் பார்த்தது. டீச்சர் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை. "வரி வந்திருச்சு. வழக்கம்போலக் கேளுங்க. அவன் எழுதிக்கிட்டே பதில் சொல்லட்டும்."

பூபதி பலகைக்குப் போய் சாக்பீஸை எடுத்துக்கொண்டான். கேட்டது தங்கமாரி. கோபம் இல்லாமல், எப்போதும் கேட்பதுபோலவே கேட்டாள்.

"நிக்காமப் போகையில சன்னல்ல என்ன தெரியுது?"

"தண்ணித்தொட்டி." எழுதினான்.

"தொட்டியில?"

"பாதி பேந்துபோன பெயிண்டு. மேல ஒரு காக்கா."

"தொட்டிகிட்ட ஆளு இல்லையா?"

"இருக்கு."

"யாரு?"

பூபதி திரும்பிச் சன்னலைப் பார்த்தான். "உங்கம்மா."

"எங்கம்மா என்ன செய்யுது?"

"கையக் காட்டுது."

"பஸ்ஸு?"

"நிக்கல."

"அப்ப கை என்ன செய்யுது?"

சாக்பீஸ் பலகையில் ஊன்றியபடி நின்றது. சன்னலில் பஞ்சவர்ணத்தின் கை கம்பியைப் பிடித்திருந்தது. மிளகாய் கிள்ளிக் காந்திப்போன விரல்கள்.

"சொல்லு பூபதி. எழுதணும்ல?"

"டீச்சர்," என்றான் அவன், "கைய இறக்கிருச்சுன்னு எழுதப் பாக்கிறேன். கை இறங்க மாட்டேங்குது டீச்சர். அப்படியே நிக்குது."

அவன் இன்னொரு தடவை முயன்று பார்த்தான். பிறகு தன் வரிகளை உள்ளங்கையால் அழித்து, சாக்பீஸைத் தங்கமாரியிடம் கொடுத்து, ஊர் முழுக்கப் பார்க்கும்படியாக ஒருமுறை தலையை ஆட்டினான். தங்கமாரி தன் வரியைக் குண்டுக் குண்டாக எழுதினாள்.

அன்று மாலை ஐந்து நாற்பதுக்குப் பேருந்து திரும்பி வந்தது. தண்ணீர்த்தொட்டி அருகே நின்றிருந்த பஞ்சவர்ணம் சும்மா, சோதித்துப் பார்ப்பதுபோல, கையைக் காட்டினாள். நின்றது.

ஒரு நாள்தான். மறுநாள் காலையில் பூபதியின் கன்னம் வீங்கியிருந்தது. "தலையாட்டி மாடாடா நீ?" என்று கவுன்சிலர் கேட்டது மந்தைவரைக்கும் கேட்டதாகச் சொன்னார்கள். வருடக் கடைசிப் பராமரிப்பு, பலகை மங்கிவிட்டது என்று தலைமையாசிரியர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கவுன்சிலர் கொண்டுவந்து கொடுத்த டப்பாவிலிருந்து கருப்புப் பெயிண்டை இரண்டு கோட்டு அடித்தார்கள். வெள்ளாடு கனைக்கவில்லை. எங்கள் ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. இருந்தது இல்லாமல் போவது எங்களுக்குப் புதிதல்ல. காலையிலும் நடந்தார்கள், மாலையிலும் நடந்தார்கள், ஒரு மாதத்தில் அந்தப் பேருந்தை எப்போதோ கண்ட கனவைப்போலப் பேசத் தொடங்கினார்கள்.

சற்குணம் டீச்சருக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் உத்தரவு வந்தது. நோட்ஸின் மேலிருந்த சொம்பை எடுத்துக்கொண்டு, பெட்டியைத் தலையில் வைத்து நடந்தே போனார். பிள்ளைகள் தண்ணீர்த்தொட்டிவரை கூடப் போனார்கள்.

"இனி யாரு டீச்சர் எங்கள எழுத வைப்பா?" என்றாள் தங்கமாரி.

"கடைசி மாசம் நான் எங்க உக்காந்திருந்தேன்?"

"கடைசி பெஞ்சுல."

"என்ன செஞ்சேன்?"

தங்கமாரி யோசித்தாள். "ஒண்ணும் செய்யல டீச்சர்."

"அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை விடிந்ததும் வெள்ளை வேன் கீழக்காலனிக்கு வந்தது. பஞ்சவர்ணம் மகளின் இரண்டு பாவாடையையும் ஒரு சீப்பையும் மஞ்சள் பையில் வைத்துக் கட்டியிருந்தாள். மில்லுக்காரர் இறங்கி, "வா பாப்பா, வெயிலுக்கு முந்திப் போயிரலாம்," என்றார். தங்கமாரி நகரவில்லை. அவள் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றாள், ஏனென்றால் ஊர் மந்தையிலிருந்து பாதை நெடுக அவள் வகுப்பு வந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் முன்னால் பூபதி வந்தான்.

"எழுதலாம்," என்றான்.

"பலகைக்கு எங்க போறது?"

பூபதி வேனைக் காட்டினான். கரிசல் காட்டுப் பாதையில் வந்த வேன்; வெள்ளை என்பது பெயருக்குத்தான், பின்கதவிலிருந்து சன்னல்வரை விரல் கனத்துக்குப் புழுதி அப்பியிருந்தது. எழுதத் தொடங்கினார்கள். மில்லுக்காரர் முதலில் சிரித்தார், பிள்ளைகள் விளையாட்டு என்று. கண்மாய்க்கரை, வெள்ளாட்டுக் கனைப்பு, ஐந்தாவது சீட்டு, ஈரிழைத் துண்டு என்று ஒவ்வொரு வரிக்கும் இருபத்துமூன்று தலைகளும் ஆட, இருபத்துமூன்று விரல்களும் எழுதின. காலையில் ஏறும் இடத்தோடு கீழக்காலனியையும் இந்தமுறை சேர்த்துக்கொண்டார்கள், திரும்பி வருவதையும் மறக்கவில்லை. பின்கதவின் மூலையில் ஒரு வரிக்கு மட்டும் இடம் மிச்சமிருந்தது.

"மில் வேன் ஆள் யாரும் ஏறாமல் வந்த வழியே திரும்பிப் போனது," என்று சொன்னாள் தங்கமாரி.

எல்லாத் தலையும் ஆடியது. அவள் விரலை வைக்காமல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னைய ஏன்டி பாக்குற? உங்க கிளாசுக் கட்டுரை."

"வேன்ல ஏத்துறது நீதானம்மா. நீ தலையாட்டாம எழுதுனா எழுத்து நிக்காது. வேண்டாம்னா நீ வேற வரி சொல்லு."

பஞ்சவர்ணம் மஞ்சள் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். மில்லுக்காரர், "என்னம்மா, சொன்ன சொல்லு?" என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தண்ணீர்த்தொட்டியைப் பார்த்தாள்.

"இந்த ரோட்டுல எம்புட்டு வண்டி போயிருக்கு, எம்புட்டு நாள் கையக் காட்டிருக்கேன்," என்றாள், யாரிடம் என்றில்லாமல். "அன்னைக்கு ஒரு நா, என் கைக்கு நின்னுச்சு."

பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தலையை ஆட்டினாள். தங்கமாரி எழுதினாள்.

முற்றுப்புள்ளி வைத்த விரலை எடுப்பதற்குள் வேன் உறுமிப் புறப்பட்டது. மில்லுக்காரர் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டார். "எங்கய்யா போற? நிறுத்துய்யா!" என்று அவர் கத்த, "நான் போகல சார், அதுவா போகுது," என்று டிரைவர் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து தூக்கிக் காட்டியதை எல்லாரும் பார்த்தோம்.

பலகையில் எழுதினால் பெயிண்ட் அடிக்கலாம். ஊர் ஊராய்ச் சுற்றுகிற வேனைக் கவுன்சிலர் எங்கே போய்த் தேடுவார்? தேடத்தான் செய்தார், ஒரு வாரம் மோட்டார் சைக்கிளில் அலைந்தார், பெட்ரோல்தான் தீர்ந்தது. ஒரு நல்ல மழை பெய்தால் புழுதி கரைந்துவிடுமே என்று சீனிச்சாமி கவலைப்பட்டார். இந்தப் பக்கம் மழை பெய்யட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பெய்தால் பெய்யட்டும், பிள்ளைகளுக்கு எழுதத் தெரியும்.

வேன் திரும்பிப் போன அன்றே, ஏழு நாற்பதுப் பேருந்தில் போய்த் தங்கமாரி ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். பஞ்சவர்ணம் வேலைக்குப் போகாமல் பொழுதெல்லாம் தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து நாற்பதுக்குக் கிழக்கே வெள்ளாடு கனைத்தது. எழுந்து பாதையோரம் வந்து கையைக் காட்டினாள். பேருந்து நின்றது. மாடக்கோட்டையில் ஏறிய கவுன்சிலர் ஐந்தாவது சீட்டில், கிழிந்த ரெக்சின்மேல் உட்கார்ந்திருந்தார். காலனிப் பிள்ளைகள் பையும் டிபன்பாக்சுமாக ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

"சீக்கிரம் இறங்குங்கப்பா, நேரமாகுது," என்றார் கவுன்சிலர் சன்னல் வழியாக.

"இருங்கய்யா, புள்ளைக எறங்குதுகல்ல," என்றாள் பஞ்சவர்ணம்.

கடைசிப் பிள்ளை இறங்கிச் செருப்பை மாட்டி முடிக்கும்வரை அவள் கையை இறக்கவில்லை.